வீணை பின்தங்குகிறது, மிருதங்கம் முந்துகிறது: ஆடியோ இன்டர்ஃபேஸையும் ரீப்பரையும் எப்படி அமைப்பது?

காவிரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் பாட்டை வீட்டிலேயே பதிவு செய்வதற்காக, இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கின் ஒலியைக் கணினிக்குக் கொடுக்கும் கருவி) ஒன்றை வாங்கி, விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் இணைத்து, ரீப்பர் மென்பொருளில் பதிவு செய்து வருகிறேன். முதல் உள்ளீட்டில் குரலுக்கான கண்டன்சர் மைக்கும், இரண்டாவதில் வீணையின் குடத்தில் ஒட்டிய கான்டாக்ட் மைக்கும் இணைக்கப்பட்டுள்ளன. ரீப்பரின் ஒலி அமைப்பில் இன்டர்ஃபேஸின் பெயர் தெரியவில்லை என்பதால், இணையத்தில் பலரும் பரிந்துரைக்கும் ஏசியோ4ஆல் என்ற டிரைவரை நிறுவி, அதன் வழியாகவே பயன்படுத்துகிறேன்.

முதலில் தம்பூராவோடு குரலைப் பதிவு செய்கிறோம். பிறகு அந்தப் பதிவை ஹெட்போனில் கேட்டபடி தங்கையே வீணை வாசிக்கிறாள். வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்கிறாள். ஆனால் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால் வீணை குரலுக்குச் சற்றுப் பின்னாலேயே வருகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கி அளந்து பார்த்ததில் சுமார் 40 மில்லி விநாடி இடைவெளி தெரிகிறது. பல்லவியிலும் அதே அளவுதான், கடைசிச் சரணத்திலும் அதே அளவுதான்.

மிருதங்கத்தில் வேறு விதமான சிக்கல் இருக்கிறது. கும்பகோணத்தில் உள்ள வித்வான் ஒருவருக்குக் குரல் பதிவை அனுப்பினோம். அவர் தம்முடைய கணினியில், வேறொரு மென்பொருளில் அதைப் போட்டுக் கேட்டு வாசித்து அனுப்பினார். நாங்கள் அனுப்பிய பாட்டின் நீளம் சரியாக 8 நிமிடம். அவரிடமிருந்து வந்த கோப்பின் நீளம் 7 நிமிடம் 21 விநாடி. முதல் ஆவர்த்தனம் முடிவதற்குள்ளேயே மிருதங்கம் முந்திக்கொண்டு ஓடிவிடுகிறது. பாட்டின் சுருதி 5 கட்டை என்று சொல்லியிருந்தோம். அவரோ, ‘ஐந்தரைக்கும் மேலே அல்லவா இருக்கிறது’ என்று சொல்லி, வேறொரு மிருதங்கத்தை எடுத்துச் சுருதி ஏற்றிக்கொண்டு வாசித்திருக்கிறார்.

இவை போதாதென்று, பாடும்போது தங்கைக்குத் தன் குரல் ஹெட்போனில் இரண்டு முறை கேட்கிறது. பதிவான குரலோ இடது காதில் மட்டும் கேட்கிறது. பஃபரை (கணினி ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) குறைத்தால் படபடவென்று வெடிக்கிறது, கூட்டினால் தாமதம் அதிகமாகிறது. இன்டர்ஃபேஸையே மாற்ற வேண்டியிருக்குமோ என்று வீட்டில் பேச்சு எழுந்துவிட்டது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அலைவரிசை எழுதியது:

வணக்கம். கோப்புகளின் நீளத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று, ஏனெனில் மிருதங்கச் சிக்கலுக்கான விடை அந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. 8 நிமிடம் என்பது 480 விநாடி. 7 நிமிடம் 21 விநாடி என்பது 441 விநாடி. நீங்கள் 44,100 ஹெர்ட்ஸில் பதிவு செய்திருக்கிறீர்கள் என்றும், வித்வானின் கணினி 48,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்றும் இதை வைத்தே சொல்லிவிடலாம். விநாடிக்கு 44,100 சாம்பிளாக, அதாவது அத்தனை முறை அளந்து, எடுத்த ஒலியை (இந்த எண்ணிக்கைதான் சாம்பிள் ரேட்), அவருடைய மென்பொருள் தன் அளவுக்கு மாற்றிக்கொள்ளாமல், விநாடிக்கு 48,000 சாம்பிளாக ஓட்டியிருக்கிறது. அதனால் பாட்டு ஏறக்குறைய 8.8 சதவீதம் வேகமாகிறது. சுருதியும் அதே விகிதத்தில் ஏறுகிறது. பன்னிரண்டு ஸ்வரஸ்தானக் கணக்கில் இந்த ஏற்றம் ஒன்றரைப் படிக்குச் சற்றே குறைவு. அதாவது உங்கள் 5 கட்டைப் பாட்டு, ஐந்தரையைத் தாண்டி, ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறது. வித்வானின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

வீணையின் சிக்கலுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. இப்படிப்பட்ட கேள்விகளில் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விலகல் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவாக இருக்கிறதா, அல்லது போகப்போக வளர்கிறதா? ஒரே அளவாக இருந்தால், ஒலி கணினிக்குள் போய்வரும் நேரத்தை மென்பொருள் தவறாகக் கணக்கிடுகிறது என்று பொருள். வளர்ந்துகொண்டே போனால், இரண்டு கருவிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். வளரும் விலகலிலும் இரண்டு வகை உண்டு. உங்களுக்கு நேர்ந்ததைப் போல சாம்பிள் ரேட்டே வேறாக இருந்தால் ஒரு ஆவர்த்தனத்துக்குள் குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு கருவிகளும் 48,000 என்றே சொல்லிக்கொண்டாலும், அவற்றின் கடிகாரப் படிகங்கள் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டிருந்தால், அரை மணி நேரத்தில் 90 மில்லி விநாடி விலகிவிடும். இந்த வகை உடனே தெரியாது. கச்சேரி முழுவதையும் கைபேசியிலும் இன்டர்ஃபேஸிலும் தனித்தனியாகப் பதிவு செய்து பிறகு ஒட்ட முயல்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான்.

இனி உங்கள் அமைப்புக்கு வருகிறேன். முதலில் ஏசியோ4ஆல் டிரைவரை நீக்கிவிடுங்கள். ஏசியோ என்பது ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1997இல் வெளியிட்ட முறை; விண்டோஸின் வழக்கமான ஒலிப் பாதையைச் சுற்றிக்கொண்டு, மென்பொருளும் இன்டர்ஃபேஸும் நேராகப் பேசிக்கொள்ள அது வழி செய்கிறது. ஏசியோ4ஆல் அப்படிப்பட்ட நேரான டிரைவர் அன்று. விண்டோஸின் சொந்த டிரைவருக்கு மேல் போர்த்திய ஓர் உறை மட்டுமே. ஏசியோ டிரைவரே இல்லாத கருவிகளுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் உங்கள் இன்டர்ஃபேஸின் தயாரிப்பாளர் தமக்கென ஒரு டிரைவரைத் தந்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒலி போய்வர எவ்வளவு நேரமாகிறது என்பதை டிரைவர்தான் ரீப்பரிடம் சொல்கிறது. சொல்லும் எண் பிழையாக இருந்தால் ரீப்பர் வீணையைப் பிழையான இடத்தில்தான் வைக்கும். உங்கள் 40 மில்லி விநாடியில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய டிரைவரை இறக்கி நிறுவிக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால், ரீப்பரில் இன்டர்ஃபேஸின் பெயர் தானாகவே தெரியும்.

ரீப்பரில் ஆப்ஷன்ஸ், அதில் பிரெஃபரன்சஸ், அதில் ஆடியோ என்பதன் கீழுள்ள டிவைஸ் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஆடியோ சிஸ்டம் என்ற இடத்தில் ஏசியோவையும், அதற்குக் கீழே உங்கள் இன்டர்ஃபேஸின் டிரைவரையும் தேர்ந்தெடுங்கள். ரிக்வெஸ்ட் சாம்பிள் ரேட் என்பதைக் குறியிட்டு 48000 என்று எழுதுங்கள். பிறகு ஆல்ட் விசையோடு என்டர் விசையை அழுத்தினால் திறக்கும் புராஜெக்ட் செட்டிங்ஸ் பெட்டியிலும் அதே 48000ஐக் குறியிடுங்கள். 44,100 என்பது குறுந்தகட்டுக்கு வகுத்த அளவு. காணொளி உலகம் முழுவதும் 48,000இல் இயங்குகிறது. உங்கள் பாட்டு எப்படியும் ஒருநாள் காணொளியாகப் போகும் என்பதால், தொடக்கத்திலேயே 48,000 என்று வைத்துக்கொள்வது வசதி. 96,000 வைத்தால் இன்னும் தெளிவாக இருக்குமே என்று யாரேனும் சொல்வார்கள். கோப்பு இருமடங்காகும், கணினியின் சுமையும் கூடும், காதுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்காது. பதிவின் ஆழம் 24 பிட்டாக இருக்கட்டும்.

பஃபரைப் பற்றி ஒரு கணக்கைப் பார்த்துவிட்டால் குழப்பம் தீரும். சாம்பிள் எண்ணிக்கையைச் சாம்பிள் ரேட்டால் வகுத்தால் நேரம் கிடைக்கும். 48,000இல் 128 சாம்பிள் என்பது 2.7 மில்லி விநாடி. 256 என்பது 5.3, 512 என்பது 10.7, 1024 என்பது 21.3. இது ஒரு வழிக்கான நேரம். ஒலி உள்ளே வரவும் வெளியே போகவும் தனித்தனியாக இந்த நேரம் ஆகும் என்பதோடு, இன்டர்ஃபேஸின் மாற்றிகளும் யூஎஸ்பி வழியும் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். ஒலி ஒரு மில்லி விநாடியில் 34 சென்டிமீட்டர் போகிறது. மேடையில் பாடகருக்கும் பக்கவாத்தியத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் இருந்தாலே 6 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. அதை யாரும் தாமதமாக உணர்வதில்லை. ஆனால் தன் குரலே ஹெட்போனில் தாமதமாக வந்தால் நிலைமை வேறு: எலும்பின் வழியாக உடனே கேட்கும் குரலோடு ஹெட்போன் குரல் கலந்து, குழாய்க்குள்ளிருந்து பாடுவதுபோல் வெறுமையாக ஒலிக்கும், பாடகர் தடுமாறுவார்.

உங்கள் தங்கைக்குக் குரல் இரண்டு முறை கேட்பதற்குக் காரணம், ஒரே குரல் இரண்டு வழிகளில் ஹெட்போனுக்கு வருவதுதான். இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தானோ சுழலியோ இருக்கும். அது மைக்கின் ஒலியைக் கணினியைச் சுற்றிவரவிடாமல் நேராக ஹெட்போனுக்குத் தருகிறது. அதே நேரத்தில் ரீப்பரின் டிராக்கிலும் ஒலிபெருக்கி வடிவிலுள்ள ரெக்கார்ட் மானிட்டரிங் பொத்தான் இயங்கிக்கொண்டிருந்தால், கணினியைச் சுற்றிவந்த குரல் பின்னாலேயே வந்து சேரும். டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொண்டு டிராக்கின் மானிட்டரை நிறுத்துங்கள். அதன்பின் பஃபரைக் குறைக்கவேண்டிய தேவையே இல்லை. 512 அல்லது 1024 என்று தாராளமாக வையுங்கள், படபடப்பு நின்றுவிடும். குரலைப் பதிவு செய்யும்போது பஃபரைக் குறைத்தே ஆகவேண்டும் என்று எல்லா இடங்களிலும் எழுதியிருப்பது, மென்பொருளின் வழியாகக் கேட்டுக்கொண்டு பாடுபவர்களுக்கு மட்டுமே பொருந்தும். புளூடூத் ஹெட்போனைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், மேலே சொன்ன எதுவும் பயன் தராது. கம்பியுள்ள ஹெட்போனுக்கு மாறுங்கள்.

இடது காதுச் சிக்கல் எளிது. டிராக்கின் உள்ளீடு ஸ்டீரியோவாக இருக்கிறது. இரண்டு உள்ளீடுகளை ஒரு இணையாக எடுத்துக்கொண்டு, முதலாவதை இடப்பக்கமும் இரண்டாவதை வலப்பக்கமும் வைக்கிறது. டிராக்கின் பதிவுப் பொத்தான்மேல் வலது சொடுக்குச் செய்து, மோனோ இன்புட்டில் ஒன்றாம் உள்ளீட்டைத் தேர்ந்தெடுங்கள். வீணைக்கு வேறொரு டிராக்கில் இரண்டாம் உள்ளீட்டைக் கொடுங்கள். ஏற்கெனவே பதிவான குரலை வீணாக்க வேண்டாம். அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தி, சேனல் மோடு என்ற இடத்தில் மோனோ இடது என்று மாற்றினால் இரண்டு காதிலும் கேட்கும்.

இத்தனைக்குப் பிறகும் வீணை சற்றே பின்தங்கினால், மிஞ்சிய அளவைச் சுற்றுச் சோதனையால் அளந்துவிடலாம். இன்டர்ஃபேஸின் பின்பக்கமுள்ள வெளியீடு ஒன்றிலிருந்து ஒரு கேபிளை எடுத்து இரண்டாம் உள்ளீட்டில் செருகி, அந்த உள்ளீட்டை லைன் நிலைக்கு மாற்றுங்கள். டைரக்ட் மானிட்டரையும் டிராக்கின் மானிட்டரையும் கட்டாயம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வெளியே போன ஒலி மீண்டும் மீண்டும் உள்ளே வந்து ஊளையிடும். ஹெட்போனையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒரு டிராக்கில் கூர்மையான கிளிக் ஒலியைப் போட்டு, மற்றொரு டிராக்கில் அதைப் பதிவு செய்து, இரண்டு அலைவடிவங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சாம்பிள் கணக்கில் அளந்து பாருங்கள். பிரெஃபரன்சஸில் ரெக்கார்டிங் பக்கத்தில், டிரைவர் சொல்லும் லேட்டன்சியை (தாமதத்தை) பயன்படுத்து என்ற குறி இருக்கவேண்டும். அதற்கு அடுத்துள்ள மேனுவல் ஆஃப்செட் கட்டத்தில் நீங்கள் அளந்த எண்ணை எழுதிவிட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இடைவெளி இருமடங்கானால் கூட்டல் கழித்தல் குறியை மாற்றினால் போதும்.

இன்டர்ஃபேஸை மாற்றவேண்டிய காரணம் எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை.

தொப்பி_வலந்தலை எழுதியது:

நானும் வெளியூர்ப் பாடகர்களுக்கு வீட்டிலிருந்தே மிருதங்கம் வாசித்து அனுப்புகிறவன் என்பதால், வாசிப்பவர் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சாம்பிள் ரேட் என்ன என்பது வேவ் கோப்பின் தலைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். ரீப்பரைப் போன்ற மென்பொருள்கள் அதைப் படித்து, திட்டத்தின் (புராஜெக்ட்டின்) அளவுக்குத் தாமாகவே மாற்றி ஒலிக்கும். வேறு சில, கோப்பை உள்ளே இழுக்கும்போது ‘மாற்றட்டுமா’ என்று கேட்கும். அவசரத்தில் அந்தக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டாலோ, கேட்கவே வேண்டாம் என்று முன்னொரு நாள் குறியிட்டிருந்தாலோ, பாட்டு வேகமெடுத்துவிடும். உங்கள் வித்வானின் கணினியிலும் அந்தக் குறிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் எண்ணைச் சொல்லுங்கள், அவர் இரண்டு நொடியில் திருத்திக்கொள்வார்.

கோப்பை அனுப்பும்போது பெயரிலேயே ராகம், தாளம், கட்டை, சாம்பிள் ரேட் ஆகியவற்றைச் சேர்த்து எழுதிவிடுங்கள். குரலையும் தம்பூராவையும் தனித்தனிக் கோப்புகளாக அனுப்புவது நல்லது, ஏனெனில் மிருதங்கத்தின் வலந்தலையை (வலப்பக்கத்தை) சுருதி சேர்க்கும்போது எனக்குத் தம்பூரா மட்டும் தேவைப்படுகிறது. எல்லாக் கோப்புகளும் திட்டத்தின் முதல் நொடியிலிருந்தே தொடங்க வேண்டும். பாட்டு தொடங்கும் இடத்தில் வெட்டிவிடாதீர்கள். பாட்டுக்கு முன்னால் ஒரு ஆவர்த்தனம் தாளம் போட்டுப் பதிவு செய்து வைத்தால் எடுப்பு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) எங்கே விழுகிறது என்பது தெளிவாகத் தெரியும்; ஒன்றரை இடம், அரை இடம் தள்ளி எடுக்கும் கீர்த்தனைகளில் இது இல்லாமல் வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கும். எம்பி3 கோப்பாக அனுப்பவேண்டாம். அந்த வகைக் கோப்பில் தொடக்கத்தில் சிறிது வெற்றிடம் சேர்ந்துவிடும். அது தாளத்தைத் தள்ளிப்போடும்.

ஏற்கெனவே வந்த மிருதங்கத்தை இப்போதைக்குப் பயன்படுத்திப் பார்க்க வழி இருக்கிறது. ரீப்பரில் அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்து, எஃப்2 பெட்டியில் பிளேபேக் ரேட் என்ற இடத்தில் 0.91875 என்று எழுதி, வேகம் மாறும்போது சுருதியைக் காக்கும் குறியை எடுத்துவிடுங்கள். 441ஐ 480ஆல் வகுத்தால் வரும் எண் அது. வேகமும் சுருதியும் ஒருசேர இறங்கி, அவர் ஏற்றி வைத்த மிருதங்கம் 5 கட்டைக்கே வந்து சேரும். ஆனால் இதை வெளியிடாதீர்கள். வலப்பக்கச் சாப்பின் கூர்மை மழுங்கும், தொப்பியின் (இடப்பக்கத்தின்) கும்கி தளர்ந்து இழுபடும். மிருதங்கம் தெரிந்த எவரும் முதல் மோராவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். கணக்கு சரியா என்று பார்த்துக்கொள்ளத்தான் இது உதவும். வித்வானிடம் சொல்லி மறுபடி வாசித்து வாங்குங்கள்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். மிருதங்கத்தில் ஒரு அடி மற்ற அடிகளைவிடப் பல மடங்கு எகிறும். சராசரியைப் பார்த்து கெயினை (உள்ளீட்டின் பெருக்கத்தை) வைத்தால் தனியாவர்த்தனத்தின் உச்சத்தில் மீட்டர் சிவப்புக்குப் போய் அலை வெட்டுப்படும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாக மீட்காது. பலமான அடி கழித்தல் 10 டெசிபலைத் தாண்டாதபடி வைக்கிறேன். குரலுக்கும் தார ஸ்தாயி உச்சத்தில் கழித்தல் 12 என்று வைத்துக்கொள்ளலாம். 24 பிட் பதிவில் அளவு குறைவாக இருப்பதால் எதுவும் கெடாது. இதை இன்டர்ஃபேஸின் கெயின் சுழலியில்தான் செய்யவேண்டும்; ரீப்பரின் ஃபேடரை இறக்குவது காதுக்கு வருவதைத்தான் குறைக்கும், பதிவாவதைக் குறைக்காது.

காவிரிக்கரையான் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. வித்வானிடம் தொலைபேசியில் பேசினேன். அவருடைய மென்பொருளின் திட்டம் 48,000இல்தான் இருக்கிறது. என் கோப்பு 44,100 என்பதையும் சரிபார்த்துவிட்டேன். கோப்பை மாற்றாமல் அப்படியே சேர்க்கும்படி ஒரு குறி அவர் பக்கத்தில் இருந்திருக்கிறது. இனி இரு பக்கமும் 48,000 என்று பேசிக்கொண்டோம். 0.91875 என்ற எண்ணைப் போட்டுக் கேட்டபோது, மிருதங்கம் கடைசி அறுதி வரை குரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நாதம் மட்டும், சொன்னதுபோலவே, கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறது. அவர் மறுபடி வாசித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவியதும் ரீப்பரில் இன்டர்ஃபேஸின் பெயர் வந்துவிட்டது. சுற்றுச் சோதனையில் 72 சாம்பிள், அதாவது 1.5 மில்லி விநாடிதான் மிஞ்சியது. பஃபரை 256, 512, 1024 என்று மாற்றிப் பார்த்தபோதும் அதே 72 வந்ததால், அதை ஆஃப்செட்டில் எழுதிவிட்டேன். வீணையும் குரலும் இப்போது சேர்ந்தே வருகின்றன.

இன்னும் இரண்டு செய்திகள் மிஞ்சியுள்ளன. டைரக்ட் மானிட்டரில் கேட்கும் குரல் மிகவும் வறண்டிருப்பதாகவும், கொஞ்சம் எதிரொலி இருந்தால்தான் கார்வை நின்று பாட முடிகிறது என்றும் தங்கை சொல்கிறாள். மென்பொருளின் ரிவெர்பைக் கேட்கவேண்டுமானால் மறுபடியும் டிராக் மானிட்டரைப் போடவேண்டும், குரல் இரண்டாகிவிடும். மற்றொன்று, வீணையின் கான்டாக்ட் மைக்கில் ஓர் இரைச்சல் ரீங்காரமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மடிக்கணினியின் சார்ஜரைச் செருகினால் அது இன்னும் கூடுகிறது.

கம்பிச்சுருள் எழுதியது:

ரிவெர்புக்கு ஒரு நல்ல வழி உண்டு. குரல் டிராக்கின் மானிட்டரை அணைத்தபடியே விட்டுவிட்டு, புதிதாக ஒரு டிராக்கை உருவாக்கி, அதற்கும் ஒன்றாம் உள்ளீட்டையே கொடுங்கள். அதன் பதிவு முறையில், பதிவு செய்யாமல் உள்ளீட்டைக் கேட்க மட்டும் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். அந்த டிராக்கில் ரீப்பரோடு வரும் ரீவெர்பேட் என்ற விளைவைச் சேர்த்து, டிரை என்ற சுழலியை முழுவதும் இறக்கிவிட்டு, வெட் என்பதை மட்டும் தேவையான அளவுக்கு ஏற்றுங்கள். பிறகு இந்த டிராக்கின் மானிட்டரைப் போடுங்கள். இப்போது நேர்க்குரல் டைரக்ட் மானிட்டரிலிருந்து தாமதமின்றி வருகிறது. கணினியிலிருந்து எதிரொலி மட்டும் வருகிறது. அந்த எதிரொலி 20 அல்லது 25 மில்லி விநாடி தாமதமாக வந்தாலும் குற்றமில்லை, ஏனெனில் பெரிய கூடத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் அப்படித் தாமதித்துத்தான் வருகிறது. பாடகருக்கு அது இயல்பாகவே தோன்றும். பதிவாகும் குரலில் ரிவெர்ப் ஒட்டாது என்பதால், கலவை செய்யும்போது வேண்டிய அளவைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

ரீங்காரத்தைப் பொறுத்தவரை, கான்டாக்ட் மைக்கை எந்த வகை உள்ளீட்டில் கொடுத்திருக்கிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். வீணையில் ஒட்டும் மைக்குகளில் பெரும்பாலானவை பீசோ வகையை (அதிர்வை நேராக மின்சாரமாக மாற்றும் வகையை) சேர்ந்தவை. முன்பெருக்கி இல்லாத பீசோவுக்கு உள்ளீட்டின் மின்தடை மிக உயர்வாக, சுமார் 10 லட்சம் ஓம் அளவில் இருக்கவேண்டும். இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட் என்றோ ஹை-இசட் என்றோ எழுதியிருக்கும் பொத்தான் அதற்குத்தான். அதை அழுத்தாமல் சாதாரண லைன் நிலையில் விட்டால், மந்திர ஸ்தாயியின் கனம் போய், தகரத்தில் தட்டியதுபோல் மெலிந்து ஒலிக்கும். அதை ஈடுகட்ட கெயினை ஏற்றுவீர்கள், ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அந்தக் கேபிள் சமன்படுத்தப்படாத வகை என்பதால் வழியிலுள்ள மின்காந்த இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொள்ளும். முடிந்தவரை குட்டையான கேபிளைப் பயன்படுத்துங்கள்; சார்ஜரின் மேலும் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் மேலும் அது கிடக்கக்கூடாது.

பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றினால் குறைகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பதிவின்போது மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டுவதே எளிய வழி. பேட்டரிக்கு மாறியதும் கணினி தானாக மின்சேமிப்பு நிலைக்குப் போய்விடும், அதனால் படபடப்பு திரும்பக்கூடும். பவர் மோடில் உயர் செயல்திறன் நிலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்ததாக மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். நடுநிலையில் வைத்திருக்கும்போது அது தரும் ‘ர்ர்ர்’ என்ற இரைச்சல் பீசோ மைக்கில் தெளிவாக விழும். விசிறியை முழு வேகத்தில் வைத்தாலோ நிறுத்தினாலோ மறைந்துவிடும். எப்படியும் கண்டன்சர் மைக்குக்காக விசிறியை நிறுத்தத்தான் போகிறீர்கள். மின்வெட்டின்போது இன்வெர்ட்டரில் ஓட்டினால், சதுர அலை வகை இன்வெர்ட்டர்கள் இதைவிடப் பெரிய இரைச்சலைத் தரும்.

சார்ஜரின் மூன்றாவது முனையை, அதாவது எர்த் முனையை, வெட்டிவிட்டால் ரீங்காரம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் தங்கையின் விரல்கள் உலோகத் தந்தியின் மேல் இருக்கின்றன. பாதுகாப்புக்காக வைத்த இணைப்பை இரைச்சலுக்காகத் துண்டிப்பது ஆபத்து.

48 வோல்ட் பொத்தானைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்த்துக்கொள்கிறேன். கண்டன்சர் மைக்குக்கு அது வேண்டும். சிறிய இன்டர்ஃபேஸ்கள் பலவற்றில் ஒரே பொத்தான் இரண்டு உள்ளீடுகளுக்கும் மின்னழுத்தம் தரும். ஆனால் அது மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வழியாக மட்டுமே போகும் என்பதால், கால் அங்குலச் செருகியில் இருக்கும் வீணை மைக்குக்குத் தீங்கில்லை. பொத்தானை அழுத்துவதற்கு முன் ஹெட்போனின் ஒலியளவை இறக்கிவிடுங்கள். ‘டப்’ என்று வரும் ஒலி காதுக்கு நல்லதில்லை.

அலைவரிசை எழுதியது:

72 என்ற எண் எல்லா பஃபரிலும் மாறாமல் வந்தது மிக நல்ல அறிகுறி. டிரைவர் தன் பஃபரைச் சரியாகச் சொல்கிறது, மாற்றிகளின் நிலையான தாமதம் மட்டுமே கணக்கில் விடுபட்டிருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. சாம்பிள் ரேட்டை மாற்றினாலோ டிரைவரைப் புதுப்பித்தாலோ இந்த எண் மாறக்கூடும் என்பதால் அப்போது மட்டும் மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

விண்டோஸின் ஒலி அமைப்பில், இயல்பு வெளியீடாக இன்டர்ஃபேஸ் இருந்தால் அதை மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கு மாற்றிவிடுங்கள். உலாவியில் ஏதோ ஒரு காணொளி ஓடத் தொடங்கியதும் இன்டர்ஃபேஸின் சாம்பிள் ரேட்டை விண்டோஸ் 44,100க்கு இழுத்துவிட்டுப் போவதைச் சில டிரைவர்களில் பார்த்திருக்கிறேன். பழைய திட்டத்தை அப்படியே 48,000க்கு மாற்றினாலும் ரீப்பரில் பாட்டின் சுருதி மாறாது. முன்பு பதிவான குரலை அது தானாகவே மாற்றி ஒலிக்கும். எனவே குரலை மறுபடி பாடவேண்டியதில்லை. அந்தத் திட்டத்திலிருந்து 48,000, 24 பிட் என்று குறிப்பிட்டு ரெண்டர் செய்த (ஒரே ஒலிக்கோப்பாக வெளியே எடுத்த) புதிய கோப்பை வித்வானுக்கு அனுப்பி, அவர் பக்கத்தில் அதன் நீளம் 8 நிமிடம் என்று காட்டுகிறதா என்பதை மட்டும், வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.